ராஜா தலைக்கு ஒரு கரண்டி தேங்காய்ப்பால்

1967 கடைசியில் புதுச் சில்லறை வந்தது. சிங்கப்பூருக்கென்று சொந்தக் காசு. ராஜா தலை இல்லை, ராணி தலை இல்லை. பத்துக் காசைத் திருப்பினால் ஒரு கடல்குதிரை நின்றது. வந்த முதல் வாரமே ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் காப்பிக்கடையில் ஒரு லாரி டிரைவர் அதைத் தூக்கிக் காட்டிச் சத்தமாகக் கேட்டார்.

“அக்கா, குதிரைக்குத் தேங்காப்பால் உண்டா லா?”

கடையே சிரித்தது. அல்போன்சம்மாள் ஆப்பச்சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“குதிரைக்குப் புல்லுதான். ஒனக்கு வேணும்னா ஊத்தறேன், தட்ட நீட்டு.”

சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியும். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. ஆப்பம் சுட்டவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை.

ஐம்பதுகளில் அந்த அம்மாளுக்குக் கடை கிடையாது. கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒரு தூண் ஓரம், இரண்டு கரியடுப்பு, இரண்டு சட்டி, ஒரு வாளித் தண்ணீர். விடியுமுன் உட்கார்ந்தால் எட்டு மணிக்கு மாவு தீர்ந்துவிடும். ஆப்பம் ஐந்து காசு. ஓரம் மொறுமொறு என்று, நடுவில் பஞ்சு மாதிரி. அந்த வாசனைக்கு மார்க்கெட் ஆட்கள், பால்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், டிப்போவுக்குப் போகிற எங்கள் பஸ் தொழிலாளிகள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நான் அந்தக் காலத்தில் பஸ் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். எத்தனையோ கூட்டம் கூட்டியிருக்கிறேன். அவ்வளவு ஒழுங்கான வரிசையை என்னால் ஒரு நாளும் நிறுத்த முடிந்ததில்லை.

அல்போன்சம்மாள் நோட்டை நம்ப மாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் புருஷன் மரியஅந்தோணி துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கூலி, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. மூன்றரை வருஷம் சேர்த்தார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வந்த அன்று அது அத்தனையும் குப்பை. அதை வைத்து அந்த அம்மாள் ஒரு வாரம் அடுப்பு பற்றவைத்தார். ஆனால் சண்டைக்கு முந்தி ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டு அடுப்புக் கல்லுக்கு அடியில் புதைத்த பதினெட்டு வெள்ளி (டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சில்லறை மட்டும் அப்படியே செல்லுபடியானது. முதல் மூட்டை அரிசி அந்தக் காசில்தான் வந்தது. எல்லாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட காசு.

அன்றைக்கு அவர் மனதில் ஒன்று பதிந்துவிட்டது. ராஜா தலை போட்டால்தான் காசு.

பிறகு ராணி பட்டத்துக்கு வந்தார். ராணி தலை போட்ட காசும் வந்தது. இரண்டும் ஒரே மதிப்பு என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

“ராணி நேத்து வந்தவுங்க தம்பி. ராஜா சண்டையைப் பாத்தவரு” என்பார்.

ராணி காசை அன்றன்றைக்கே அரிசிக்கும் தேங்காய்க்கும் செலவழித்துவிடுவார். ராஜா காசு மட்டும் ஒரு டின்னுக்குள் போகும். வருஷம் போகப் போக ராஜா காசு கைக்கு வருவது குறைந்தது. அதற்கும் ஒரு வழி செய்தார். ராஜா தலை கொடுத்து ஆப்பம் வாங்கினால் மேலே ஒரு கரண்டி தேங்காய்ப்பால் கூடுதல். இது எங்கும் எழுதி ஒட்டாத சட்டம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஆண்கள் காலையில் சட்டைப் பையைக் கவிழ்த்து, விளக்கு வெளிச்சத்தில் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பதை வெளியூர்க்காரன் பார்த்தால் பைத்தியம் பிடித்த தெரு என்று நினைத்திருப்பான்.

மரியஅந்தோணி இதற்குள் எங்கள் கம்பெனியில் கண்டக்டர். காத்தோங் போகிற பஸ். முதல் வண்டிக்காரர். அவர் மனைவி அடுப்பு மூட்டும் நேரத்துக்கு அவர் டிப்போவில் இருப்பார். அதனால் ஆப்பக்கார அக்காவின் புருஷன் அவர்தான் என்று டிப்போவில் பலருக்குத் தெரியாது. பேச்சும் குறைவு. பதினோரு வருஷத்தில் கணக்குக் கொடுக்கும்போது அவர் பையில் ஐந்து காசு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. இன்றைக்கு அது இல்லை.

1959 ஜனவரியில் அல்போன்சம்மாளின் முழங்கால் வீங்கியது. லைசென்ஸ் இல்லாத நடைபாதைக் கடை அது. முனிசிபல் லாரி வருகிறது என்று குரல் கேட்டால் சூடான அடுப்பைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓட வேண்டும். இரண்டு முறை ஓட முடியாமல் அடுப்பைச் சட்டியோடு பறிகொடுத்தார். அந்த நேரம் பார்த்து, அதே ரோட்டில் ஹைனான் சீனர் ஒருவரின் காப்பிக்கடையில் மூலை இடம் காலியானது. கூரை உண்டு, குழாய் உண்டு, ஓட வேண்டாம். முன்பணம் முந்நூற்றைம்பது வெள்ளி. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள். மீ நூடுல்ஸ் விற்கிறவர் ஒருவரும் காசோடு நிற்கிறார். கடை முதலாளியான தவுக்கே இன்னொன்றும் சொல்லிவிட்டார்: நோட்டாகக் கொண்டு வா, டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்க்காதே.

பணம் இருந்தது. நோட்டுத்தான் இல்லை.

மளிகைக்கடை சேக் தாவூதிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் எண்ணவே இல்லை. அரிசித் தராசில் டின்னை வைத்தார்.

“அஞ்சு காசு, பத்துக் காசு, இருபது காசு எல்லாம் ஒண்ணாக் கெடந்தாலும் ஒரு வெள்ளிக்கு எடை ஒண்ணுதான்க்கா” என்றார். தராசைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். “என்னாக்கா, கல்லறைக்குப் போறப்ப கொண்டு போகவா சேத்தீங்க? எங்கிட்ட அம்பது வெள்ளிக்கு மேல நோட்டு இல்ல. சீனப் பெருநாள் கழிச்சு வாங்க, மாத்தித் தர்றேன்.”

பெருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. பேங்கில் கணக்கு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் இங்கிலீஷில் கேட்டால் பதில் சொல்ல வாயும் இல்லை.

இங்கேதான் மரியஅந்தோணி அந்தக் காரியத்தைச் செய்தார். பெருநாள் நெருங்கினால் ஊரில் சில்லறை மறைந்துவிடும். கண்டக்டர்களுக்குக் காலையில் கொடுக்கச் சில்லறை இல்லாமல் டிப்போவில் காசாளர் தனசேகரன் கதறிக்கொண்டிருந்தார். “யாருகிட்ட சில்லறை இருந்தாலும் கொண்டாங்கப்பா, நோட்டுத் தர்றேன்” என்று வாரம் முழுக்க ஒரே பாட்டு. மரியஅந்தோணிக்கு அது மாதாவே காட்டிய வழியாகப் பட்டது. வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனார். சட்டை மாற்றக்கூட இல்லை. டின்னைத் தோளில் வைத்து, காக்கி உடுப்போடு டிப்போவுக்குள் நுழைந்து, காசாளர் மேசைமேல் இறக்கினார்.

ஊரில் எவன் வேண்டுமானாலும் ஒரு டின் சில்லறையோடு நடக்கலாம். பஸ் கண்டக்டர் நடக்கக் கூடாது. உடுப்பில் இருக்கும்போது சொந்தக் காசு இரண்டு வெள்ளிக்கு மேல் இருந்தாலே கேள்வி. முந்நூற்றைம்பது வெள்ளி, அத்தனையும் டிக்கெட் விலைக்குத் தோதான ஐந்தும் பத்தும் இருபதும்! பக்கத்தில் நின்ற செக்கர் விசில் ஊதாத குறை. டின்னுக்கு அரக்கு வைத்து இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். மரியஅந்தோணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை.

அன்று சாயங்காலம் கிளைவ் ஸ்ட்ரீட்டில் அவர்கள் குடியிருந்த மாடி அறைக்குப் போனேன். மரியஅந்தோணி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்.

“அண்ணே, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. கொஞ்சமாச்சும் பஸ்சுக் காசு இருக்கா அதுல?”

அரிசி கழுவிக்கொண்டிருந்த அல்போன்சம்மாள் கையை உதறிவிட்டு எழுந்தார்.

“நீங்க எத்தன வருசமா என்கிட்ட ஆப்பம் திங்கறீங்க?”

“அஞ்சு வருசம்க்கா.”

“எத்தன ராஜா குடுத்திருப்பீங்க?”

“எண்ணல.”

“அந்த டின்னுல ஒங்க காசும் கெடக்குது. போய்த் திருட்டுக் காசுன்னு எழுதிக் குடுங்க.”

செருப்பால் அடித்திருந்தால் இதைவிடக் குறைவாக வலித்திருக்கும். சமாளிக்க வாய் திறந்தேன். நாளைக்கே நோட்டீசு அடிக்கிறேன், ‘நேர்மைக்குத் தண்டனையா?’ என்று தலைப்பு, இரண்டாயிரம் பிரதி, டிப்போ வாசலில் கூட்டம் என்று அடுக்கினேன்.

“நோட்டீசுல எம் பேரு வருமா?”

“வரும்க்கா. கொட்டை எழுத்துல.”

“அப்போ ஆப்பம் வாங்க எவன் வருவான்? போலீசுதான் வரும். ஒண்ணும் வேணாம். சனிக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போங்க. அது என் காசு. நான் பேசறேன்.”

விசாரணைக்கு வெளியாளை விடமாட்டார்கள். நான் சண்டை போட்டு விடவைத்தேன். சங்கத்தில் நான் சாதித்தது என்று கணக்கெடுத்தால் அதை முதலில் வைப்பேன்.

சனிக்கிழமை. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார மானேஜர். பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு தனசேகரன், நெற்றியில் விபூதி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். கோயிலுக்குப் போகும் பட்டுச்சேலையில் அல்போன்சம்மாள் நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தார். தனசேகரனைப் பார்த்தார். தனசேகரன் அவரைப் பார்த்தார். மனிதன் முகம் மாவு மாதிரி வெளுத்தது. பயம் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அரக்கை உடைத்து டின்னைக் கவிழ்த்தார்கள். காசு மேசையெல்லாம் பரவியது. மானேஜர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு கை நிறைய அள்ளினார். எல்லாம் ராஜா. ஒரு ராணிகூட இல்லை.

ஏன் என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்னார். ஜப்பான் நோட்டு, ஊறுகாய் ஜாடி, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் சொன்னார். நான் இங்கிலீஷில் சொன்னேன். “ராணி நேற்று வந்தவர்” என்பதை மட்டும் மொழிபெயர்க்காமல் விழுங்கினேன். வெள்ளைக்காரரிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மானேஜர் முட்டாள் இல்லை. கதை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் வசூல் காசை வீட்டில் உட்கார்ந்து பொறுக்கி மாற்றியிருக்கலாமே என்றார். தெருவில் தேங்காய்ப்பாலுக்காக ஜனங்கள் ராஜா காசு கொடுத்தார்கள் என்பதற்கு யார் சாட்சி?

“நான்” என்றேன்.

நீ சங்கத்து ஆள், உன் சாட்சி செல்லாது என்றார்.

நூறு பேரைக் கூட்டிவருகிறேன் என்றேன்.

நூறு பேரைக் கூட்டுவதுதானே உன் வேலை என்றார். சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். நான் அல்போன்சம்மாளிடம் குனிந்து கேட்டேன்.

“அக்கா, இந்த டிப்போ ஆளு வேற யாராச்சும் ராஜா குடுத்து வாங்குவாங்களா? ஆபீஸ் ஆளு?”

“தெரியாது தம்பி” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அந்த அம்மாள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மானேஜர் பேனாவை எடுத்தார். வேலை நீக்கத்துக்கு எழுதப்போகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மரியஅந்தோணி தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்போது தனசேகரன் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“சார், ஐ ஆம் தி விட்னஸ்.”

எழுந்து நின்று இங்கிலீஷில் சொன்னார். தினமும் காலையில் தூக்குச்சட்டியோடு அந்த அம்மாளிடம் நாலு ஆப்பம் வாங்குவதாகச் சொன்னார். தினமும் நாலு ராஜா தலை ஐந்து காசு. மானேஜர் கேட்டார், தினம் நாலு ராஜா உனக்கு எங்கே கிடைக்கிறது? கம்பெனி மேசையில், என்றார் தனசேகரன். வசூலை எண்ணும்போது ராஜா கண்ணில் பட்டால் எடுத்துக்கொண்டு, தன் பையிலிருந்து ராணியைப் போட்டுவிடுவதாகச் சொன்னார். மூன்று வருஷமாக. எண்ணுகிற மேசையில் சொந்தக் காசு படக் கூடாது என்பது கண்டக்டர் சட்டத்தைவிடக் கடுமையான சட்டம். அதை எழுதி ஒட்டியதே அவர்தான்.

மானேஜர் கேட்டார், அப்படி என்ன இருக்கிறது அந்தத் தேங்காய்ப்பாலில்?

நான் மொழிபெயர்த்தேன். அல்போன்சம்மாள் இப்போது தனசேகரனை நேராகப் பார்த்தார்.

“முதல் பாலுன்னு சொல்லுங்க. தண்ணி கலக்காதது.”

மானேஜர் பேனாவை மூடினார். மரியஅந்தோணிக்கு உடுப்பில் காசு கொண்டுவந்ததற்கு ஒரு எச்சரிக்கை. தனசேகரனுக்கு ஒரு மாசம் எண்ணுகிற மேசை கிடையாது, புத்தகம் மட்டும். இன்று மட்டும் இந்தக் காசை வாங்கிக்கொண்டு நோட்டுக் கொடு என்றார். டிப்போவுக்குச் சில்லறை வேண்டித்தானே இருந்தது!

மணி பத்தே முக்கால். ஐயாயிரத்துக்குப் பக்கமாகக் காசு. எண்ண உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். நான் சேக் தாவூது சொன்னதைச் சொன்னேன்.

“எனக்கா சொல்லித் தர்றீங்க?” என்றார் தனசேகரன். பார்சல் தராசை இழுத்து வந்து நிறுத்தார். எடைக்கு முந்நூற்று நாற்பத்தெட்டு வெள்ளி என்று கணக்கு வந்தது.

“முந்நூத்தம்பது இருக்கு” என்றார் அல்போன்சம்மாள். “ஒவ்வொண்ணாப் போட்டவ நான்.”

“பழைய காசுக்கா. தேஞ்சிருக்கும். எடை கொறையத்தான் செய்யும்.”

தனசேகரன் தன் பையிலிருந்து இரண்டு ஒரு வெள்ளி நோட்டை எடுத்துக் கம்பெனிப் பெட்டியில் போட்டார். முப்பத்தைந்து பத்து வெள்ளி நோட்டை எண்ணி நீட்டினார். திங்கட்கிழமை வேறு ஆள் ஒவ்வொன்றாக எண்ணினான். முந்நூற்றைம்பது சரியாக இருந்தது. அவருக்கு அந்த இரண்டு வெள்ளியும் திரும்பிவந்தது.

அல்போன்சம்மாள் நோட்டுக் கட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எட்டு வருஷம் தூக்க முடியாமல் தூக்கியது, இப்போது ஒரு பூச்சரத்தின் கனம்கூட இல்லை.

“இவ்வளவுதானா?” என்றார். ஒன்றைத் திருப்பினார். முகம் மாறிவிட்டது. “ஏங்க, இதுலயும் ராணிதானா? அதுவும் காயிதத்துல!”

மரியஅந்தோணி மூன்று நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

“பன்னெண்டு மணி வரைக்கும் நம்பு அல்போன்சு. அப்புறம் அது தவுக்கே பாடு.”

பஸ்சில் அந்த அம்மாள் நோட்டுக் கட்டை ஜெபமாலையோடு சேர்த்துக் கையில் பிடித்து, உதடு அசைய உட்கார்ந்திருந்தார். மாதாவிடம் கேட்டது தூரத்துக்கா, நேரத்துக்கா, இல்லை காகிதம் காகிதமாகப் போய்விடக் கூடாது என்றா, நான் கேட்கவில்லை. காப்பிக்கடையில் மீ விற்கிறவர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நுழைந்தபோது பதினொன்று ஐம்பது. தவுக்கே எச்சில் தொட்டு எண்ணி, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அல்போன்சம்மாள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

திங்கட்கிழமை காலை கூரைக்குக் கீழே முதல் அடுப்பு. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எனக்கு முன்னால் தூக்குச்சட்டியோடு தனசேகரன். எண்ணுகிற மேசை போய்விட்டது. அவர் முறை வந்ததும் நாலு ஐந்து காசை எடுத்துப் பலகையில் வைத்தார். எல்லாம் ராணி.

“இன்னிக்குப் பால் வேணாம்க்கா” என்றார் மெதுவாக. “வெறும் ஆப்பம் போதும்.”

அல்போன்சம்மாள் காசைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு ஆப்பத்தின் மேலும் தேங்காய்ப்பாலை ஊற்றினார். ஒரு கரண்டி இல்லை, இரண்டிரண்டு. பின்னால் நின்றவன் சத்தம் போட்டான்.

“அக்கா, அது ராணி! ராணிக்கு எப்போலேருந்து?”

“வாய மூடிட்டு நில்லுடா. ஒன் ராஜாவ எண்ணி வை.”

அன்றைக்கு என்னிடமும் ராணிதான் இருந்தது. எனக்கு ஊற்றவில்லை.

“கிளைவ் ஸ்ட்ரீட்டுல வந்து கேட்டீங்களே தம்பி, அதுக்கு” என்றார்.

இரண்டு வாரம் வெறும் ஆப்பம் தின்றேன். எனக்கு அது வேண்டியதுதான்.